ஸ்கேனில் கல் இல்லை. வலி எங்கிருந்து வந்தது?

கேள்வி: எனக்கு வயது 54. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மூட்டு வலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுவேன். போன வாரம் திடீரென்று இடது விலாவில் தாங்க முடியாத வலி. சிறுநீரும் சிவப்பாகப் போனது. சி.டி. ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, ஆனால் கல் இல்லை என்று வந்தது. ‘கல் வெளியே போயிருக்கும்’ என்கிறார்கள். இப்போது வலி இல்லை. இத்தோடு விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள், அம்மா. சிறுநீரகம் வீங்கியிருந்தது என்றால் சிறுநீர் இறங்கும் வழியை ஏதோ அடைத்திருக்கிறது. கல்லே அடைத்து, ஸ்கேன் எடுப்பதற்குள் வெளியேறியும் இருக்கலாம். ஆனால் சர்க்கரையும் வலி மாத்திரையும் சேர்ந்திருப்பதால் எனக்கு வேறொரு சந்தேகம்.

சிறுநீரகத்தின் உள்ளே, சிறுநீர் சொட்டும் இடத்தில் கூம்பு வடிவச் சதை முனைகள் உண்டு. அவற்றுக்கு இயல்பிலேயே ரத்த ஓட்டம் குறைவு. நாள்பட்ட சர்க்கரை அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அவற்றை இன்னும் சுருக்கும். கிருமித்தொற்றும் சேர்ந்துகொண்டால் முனை செத்து உதிர்ந்துவிடும். அந்தத் துணுக்கு, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சிறுநீர்க்குழாயில் சிக்கினால் அசல் கல் வலிதான். சதை என்பதால், படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் மருந்து இல்லாமல் எடுத்த ஸ்கேனில் தப்பிவிடும். ரத்தக்கட்டியோ, அரிதாகப் பூஞ்சைத் திரளோ, குழாயில் வளரும் கட்டியோ இப்படி அடைப்பதுண்டு. சிறுநீரில் ரத்தம் போயிருப்பதால், வலி நின்றாலும் அப்படி வளரும் கட்டி இல்லை என்பதை உறுதிசெய்தே ஆக வேண்டும்.

சிறுநீரக மருத்துவரிடம் போய் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீர் கல்ச்சர் (கிருமி இருக்கிறதா என்ற பரிசோதனை) பாருங்கள். வீக்கம் வடிந்ததா என்று அல்ட்ராசவுண்டிலேயே தெரிந்துவிடும். கிரியேட்டினின் அனுமதித்தால் மருந்து ஏற்றி சி.டி. எடுப்பார்கள். மறுபடி வலித்தால் சிறுநீரை வடிகட்டிப் பாருங்கள் (அந்த வடிகட்டி சமையலறைக்குத் திரும்பக் கூடாது!). துணுக்கு கிடைத்தால் சுத்தமான டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். பரிசோதனைக்கு அனுப்பினால் பாதிக் குழப்பம் தீரும்.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். மூட்டுக்கு வேறு வழி இருக்கிறது; போன சிறுநீரகம் திரும்பாது.

விலா வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அடைப்புக்கு மேலே தேங்கிய சிறுநீரில் சீழ் பிடித்திருந்தால் ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தோ, முதுகுப்புறம் குழாய் போட்டோ உடனே வடித்தாக வேண்டும்.