மாடி ஏறினால் போதும்
(வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: 80 வருடத்துக்கு ஒரு முறை வெடிக்கும் நட்சத்திரத்தைப் பார்க்க டெலஸ்கோப் வேண்டும் என்று பேரன் நச்சரிக்கிறான். எங்கள் வீட்டு மாடியிலிருந்து அது தெரியுமா?
- ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: டெலஸ்கோப் வேண்டாம், ஆச்சி. பேரன் சொல்வது டி கொரோனே பொரியாலிஸ் என்ற நட்சத்திரம். 1866-இலும் 1946-இலும் வெடித்தது. அடுத்த வெடிப்பை இப்போது எதிர்பார்க்கிறார்கள். நாள் குறித்தவர்களும் உண்டு. அந்த நாள்கள் வந்து போய்விட்டன. வெடித்தால் சில மணி நேரத்தில் 1,500 மடங்குக்கு மேல் ஒளி கூடும். வெறும் கண்ணுக்கு ஒரு வாரம்போலத் தெரியும்.

ஆனி மாதம் இரவு 10 மணிக்கு மாடியில் வடக்கு நோக்கி நின்று, ஏறக்குறைய உச்சிக்கே அண்ணாந்து பாருங்கள். சுவாதியிலிருந்து (ஆர்க்டூரஸ்) அபிஜித்தை (வேகா) நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அரைவட்டமாகச் சில நட்சத்திரங்கள் இருக்கும். அதன் கிழக்கு முனைக்குச் சற்று வெளியேதான் நம் ஆள். துருவ நட்சத்திரம் அளவுக்கு ஒளிரும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நம் பக்கத்தில் துருவம் அடிவானத்துக்கு மேல் 10 பாகைதான். தேவகோட்டையில் எனக்கு அது எதிர்வீட்டு ஓட்டுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. அதே அரைவட்டத்தில் பளிச்சென்று இருக்கும் ஆல்ஃபெக்காவோடு ஒப்பிடுங்கள்.

முதலில் அந்த இடம் பேரனுக்கு மனப்பாடம் ஆகட்டும். 1866-இல் அயர்லாந்தின் ஜான் பர்மிங்காம், நண்பர் வீட்டிலிருந்து இரவில் நடந்து வரும்போது இதைக் கண்டார். 1918-இல் கழுகு மண்டலத்தில் வெடித்த வேறொரு நோவாவை (இப்படித் திடீரென்று வெடித்து ஒளிரும் நட்சத்திரத்தை)த் தாமாகவே கண்டவர்களில், வங்காளத்து ஜெசோர் கருவூலத்தில் வேலை பார்த்த ராதாகோவிந்த சந்திராவும் ஒருவர். வழக்கமான வானம் தெரிந்தவருக்குத்தான் புதிதாக வந்தது கண்ணில் படும்.

கேள்வி: வெடித்தபின் அந்த நட்சத்திரம் அழிந்துவிடுமா?
- கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: அழியாது. நட்சத்திரமே வெடித்து அழிவது சூப்பர்நோவா, இது நோவாதான். இங்கே இருப்பது இரட்டை. சிவப்பு ராட்சத நட்சத்திரத்திடமிருந்து வெண்குள்ளன் (எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் சிறிய, அடர்ந்த மிச்சம்) ஹைட்ரஜனை இழுத்துச் சேர்க்கிறது. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்காதவர் அந்த ராட்சதர், நம் ஊரில் கிடைக்காதவர். சேர்ந்தது அழுத்தத்தில் சூடேறி, அணுக்கருச் சேர்க்கை பற்றிக்கொண்டு மேலடுக்கு மட்டும் வெடித்துப் பறக்கிறது. பிறகு மறுபடியும் வசூல்.

புதிதாக எதையாவது கண்டால், நகர்கிறதா என்று முதலில் பாருங்கள். நகர்ந்தால் அது விமானமோ செயற்கைக்கோளோ. நகராவிட்டால் நேரத்தைக் குறித்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். கடிதம் வந்து சேர்வதற்குள் மங்கிவிடும்.