இன்-இயர் மானிட்டருக்கு மாற்றுப் பாகம் செய்து விற்கலாமா?

கேள்வி: மேடைக் கலைஞர்கள் தங்கள் இசையைக் கேட்கக் காதுக்குள் அணியும் ஒலிக்கருவியான இன்-இயர் மானிட்டரில், ஒலி எழுப்பும் பாகத்தை மட்டும் கழற்றி மாற்றும்படி நாங்களே தயாரித்து விற்க எண்ணுகிறோம். எல்லா நிறுவனங்களின் வெளிக்கூட்டிலும் அது பொருந்துமா? காப்புரிமைச் சிக்கல் வருமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கேபிள் பொருந்துவதால் உள்பாகமும் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். டூ-பின் (இரு ஊசி), எம்எம்சிஎக்ஸ் (வட்டச் சொருகி) ஆகிய கேபிள் இணைப்புகள் பல நிறுவனங்களுக்குப் பொதுவானவை, ஆனால் டூ-பின்னிலும், 0.78 மி.மீ. பின்னை 0.75 மி.மீ. துளையில் அழுத்தினால் துளை தளர்ந்து, கச்சேரியின் நடுவே ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். ஒலிப் பாகத்துக்கோ அப்படிப் பொது அளவே கிடையாது. இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) எழுப்பும் கனத்த ஒலி மெலிந்துவிடும் என்பதால், முதலில் ஒரே ஒரு கூட்டுக்கு மட்டும் செய்து பாருங்கள்.

மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கும். அது தொழில், வணிக நோக்கிலான செயல்களையே கட்டுப்படுத்துவதால், சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளத் தடையில்லை, விற்பனைதான் சிக்கலுக்குரியது. அமெரிக்காவில் மட்டும் பெற்ற காப்புரிமை இங்கே செல்லாது என்றாலும், அங்கே சரக்கு அனுப்பினால் அது உங்களைப் பிடிக்கும். மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தின் பதிவுகளைத் தேடும்போது படங்களைப் பார்த்துப் பயந்துவிடாமல், எதற்குப் பாதுகாப்பு என்று வரையறுக்கும் உரிமைக் கோரிக்கைப் பகுதியை வரிக்கு வரி படியுங்கள். அச்சு வார்ப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அதை ஒரு காப்புரிமை முகவரிடமும் காட்டிவிடுங்கள்.