வளவுக்குக் கண்ணாடிக் கூரை வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. 1930-களில் ஐயாவின் அப்பா கட்டியது. பங்காளிகள் பலரும் விட்டுக்கொடுத்து இப்போது பெரியப்பாவும் நானும்தான் மிச்சம். எனக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. மனைவியோடு ஊரிலேயே தங்கிவிட எண்ணம். சென்னையிலிருந்து ஓர் இன்டீரியர் டிசைனர் வந்து பார்த்துத் திட்டம் கொடுத்தார். வளவுக்கு, அதாவது வீட்டு நடுவில் இருக்கிற திறந்த முற்றத்துக்கு, மேல் கண்ணாடிக் கூரை போட்டு ஏசி, தரையில் பதித்திருக்கிற பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லின்மேல் பெரிய சாம்பல்நிற டைல்ஸ், இரண்டு அறைகளின் நடுச்சுவரை எடுத்து ஒரே ஹால், கறுப்பில் மாடுலர் கிச்சன், ஒரு சுவர் முழுக்க அடர்நீலம். படம் எங்களுக்குப் பிடித்திருந்தது. பெரியப்பாவோ ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்கிறார். பழைய வீட்டுக்குள் இன்றைய அலங்காரம் சேரவே சேராதா?

மெ.

அன்புள்ள மெ.,

சேரும். உங்கள் வீடே அப்படிச் சேர்ந்து உருவானதுதான்.

ஐயாவின் அப்பா கட்டியபோது அது அவருக்குப் பழைய பாணி வீடு இல்லை. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பானிலிருந்து சுவருக்குப் பூப்போட்ட ஓடுகள் என்று அன்றைக்கு உலகத்தில் கிடைத்த புதுசையெல்லாம் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தக் காலத்தில் எழும்பிய செட்டிநாட்டு வீடுகள் பலவற்றின் முகப்பில், அப்போது பம்பாயில் நாகரிகமாக இருந்த ஆர்ட் டெகோ என்ற கட்டடப் பாணியின் வடிவங்களைப் பார்க்கலாம். கானாடுகாத்தானில் இப்போது விடுதியாக இருக்கும் விசாலம் அந்த வகை. ஒரு தகப்பனார் மகளுக்காகக் கட்டிய வீடு. இவ்வளவு துணிந்தவர்கள் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னே போகிற பகுதிகளின் வரிசையை மட்டும் கலைக்கவில்லை. தலைவாசலில் நின்றால் பார்வை பின்கட்டு வரைக்கும் தடையில்லாமல் போகிறதே, அதை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே உங்கள் ஆசையில் தப்பில்லை. எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். நாளைக்குக் கழற்றி எடுக்க முடிந்ததில் எவ்வளவு வேண்டுமானாலும் துணியுங்கள். எடுக்க முடியாததைத் தொடும் முன் பத்து முறை யோசியுங்கள்.

அதை வைத்துப் பார்த்தால் முதலில் கைவிடவேண்டியது கண்ணாடிக் கூரை. வளவு வெறும் வெளிச்சத்துக்கான ஓட்டை அல்ல. சுற்றியிருக்கிற அறைகளின் சூடு அதன் வழியாகத்தான் மேலே ஏறி வெளியேறுகிறது. சுற்றுத் தாழ்வாரத்து ஓடுகள் மழையை இறக்குவதும் அங்கேதான். அதை மூடிவிட்டால் சித்திரை வெயிலில் வீட்டுக்கு நடுவில் ஓர் அடுப்பை வைத்ததுபோல ஆகும். பிறகு ஏசி இல்லாமல் யாரும் உட்கார முடியாது. திருட்டு பயம் என்றால் பல வீடுகளில் செய்திருப்பதுபோல இரும்புக் கம்பி வலை போடுங்கள். உச்சி வெயிலுக்கு இழுத்து மூடித் திறக்கிற துணிப் பந்தல் போதும். அந்தத் துணியை நல்ல மஞ்சளில் போடுங்கள், வளவே வேறு மாதிரி தெரியும்.

நீலச் சுவர் எனக்கும் பிடிக்கிறது. ஆனால் எந்தப் பெயின்ட் என்று கேட்டீர்களா? உங்கள் சுவர் சுண்ணாம்புச் சாந்து. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து மெழுகியது. அது ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடுகிற சுவர். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். என் அம்மா பிறந்த வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு கல்யாணத்துக்காக அவசரமாகப் பெயின்ட் அடித்தார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, பூச்சோடு சேர்ந்து பாளம் பாளமாக விழுந்தது. ஒட்டுப்போட்ட கொத்தனார் சிமென்ட் வைத்துப் பூசினார். அதைச் சுற்றியிருந்ததும் விழுந்தது. அந்தச் சுவரின் வழவழப்பைத் தடவி வளர்ந்தவள் அம்மா, அன்றைக்கு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். நீங்கள் சுண்ணாம்பிலேயே நீலப் பொடி கலந்து அடியுங்கள். படத்தில் பார்த்த அளவு அடர்த்தி வராது. ஆனால் கடையில் வாங்குகிற எந்த நீலத்துக்கும் இல்லாத ஆழம் வரும்.

ஆத்தங்குடிக் கல்லின்மேல் டைல்ஸ் ஒட்டுவதை நினைத்தாலே எனக்கு வலிக்கிறது. கண்ணாடிப் பலகையின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தைக் கையால் ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டு இறுகவைக்கிற கல் அது. சூளையே கிடையாது. கண்ணாடி கொடுத்த அந்த மினுமினுப்பு, ஆட்கள் நடக்க நடக்க ஏறும். பசை போட்டு மேலே ஒட்டிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. துடைக்கிற தண்ணீரில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு மாதம் பாருங்கள். தரையிலேயே சிவப்பும் பச்சையும் இருக்கும்போது நாற்காலிகள் ஒரே நிறத்தில், நேர்கோடாக, தாழ்வாக இருக்கட்டும். எவ்வளவு புதிய வடிவமானாலும் இருக்கட்டும்.

நடுச்சுவரை எடுக்க வேண்டாம். பாரம் தாங்குகிற சுவர் அது. கறுப்புச் சமையலறைக்கு மட்டும் நான் முழுக்க உங்கள் கட்சி. சுவரில் பதிக்காமல், கால் வைத்த பெட்டிகளாக மூன்றாம் கட்டில் நிறுத்துங்கள். விறகுப் புகை படிந்து கறுத்திருந்த இடம்தானே, அந்த நிறம் அங்கே அந்நியமாக இருக்காது.

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, 1958-இல் கொழும்பில் ஒரு சிறு வீட்டில் குடியேறி, பத்தாண்டுகளில் பக்கத்து மூன்றையும் வாங்கி நான்கையும் ஒரே வீடாக்கினார். வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே, சின்னத் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. இங்கே இடித்த வீட்டின் தூண்கள். அங்கே அவை அழகாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் சாய்த்து வைத்திருக்கிற தூண்களைப் பார்க்கும்போதெல்லாம், இது எந்த வளவில் நின்றதோ என்றுதான் மனம் போகிறது. உங்களுடையவை இன்னும் நிற்கின்றன.

இந்த ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை வேலை எதையும் தொடங்காதீர்கள். போய்த் தங்குங்கள். எந்த மூலையில் ஒழுகுகிறது, எந்தச் சுவர் ஈரம் இழுக்கிறது, சாயங்காலம் எந்தத் தூணின் பக்கம் காற்று வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்குமேல் பெரியப்பாவுக்கே தெரிந்திருக்கும். டிசைனர் மறுபடி வரும்போது பெரியப்பாவையும் கூடவே உட்கார வையுங்கள்.

அன்புடன்.