கடவுச்சொல்லும் லாகினும் பத்திரமாக இருந்தால் சிஎஸ்ஆர்எஃப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

கண்டிப்பாக. நீங்கள் லாகின் ஆகியிருக்கும் தளத்துக்கு, உங்களுக்குத் தெரியாமல் வேறொரு தளம் உங்கள் பெயரில் கோரிக்கை அனுப்பவைக்கும் தாக்குதல்தான் சிஎஸ்ஆர்எஃப் (CSRF). நீங்கள் லாரவெல் மாதிரி ஏதோ ஒரு ஃபிரேம்வொர்க்கில் (இணையதளம் கட்டத் தயாராகக் கிடைக்கும் மென்பொருள் சட்டகம்) எழுதி, 419 பிழை வருகிறதே என்று டோக்கன் சோதனையை (கோரிக்கை உங்கள் தளத்தின் பக்கத்திலிருந்தே வந்ததா என்று ஒரு ரகசியக் குறியீட்டை வைத்துப் பார்ப்பது) அணைத்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து திரும்பப் போடுங்கள்.

இதில் யாரும் கடவுச்சொல்லைத் திருடுவதில்லை. நீங்கள் ஒரு தளத்தில் லாகின் ஆகியிருக்கும்போது வேறொரு பக்கம் அந்தத் தளத்துக்கு ஒரு கோரிக்கையைத் தட்டிவிட்டால், நீங்கள் லாகின் ஆனதைக் காட்டும் குக்கியையும் பிரவுசர் சேர்த்தே அனுப்பிவிடலாம். சர்வருக்கு அது நீங்களே பொத்தானை அழுத்திய கணக்குதான்.

இது புரியாதவர்களால் என் அண்ணி பட்ட பாடு போதும். சுங்கை சிப்புட்டில் தோட்டத்து மக்கள் பங்கு போட்டிருக்கும் ஒரு கூட்டுறவுக் கழகத்தில் அவர் கிராணி (எழுத்தர்). பால்மர வெட்டு வேலையில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவருக்கு லாப ஈவு போக வேண்டிய வங்கிக் கணக்கு எண் திடீரென்று மாறிக் கிடந்தது, மாற்றியது அண்ணியின் லாகின். பணம் போவதற்குள் பிடித்துவிட்டார்கள். ஆனால் மென்பொருள் செய்து கொடுத்த கம்பெனி ஆள் கோலாலம்பூரிலிருந்து வந்து, "இவர் கடவுச்சொல்லை யாருக்கோ கொடுத்திருக்கிறார்" என்று சொல்ல, நிர்வாகக் குழுவும் நம்பி அண்ணியைக் கவுண்டரிலிருந்து எழுப்பிவிட்டது.

செயலாளரிடம் கேட்டு, சர்வருக்கு வந்த கோரிக்கைகள் பதிவாகும் லாக் கோப்பை நான் பார்த்தேன். அந்த மாற்றம் பதிவான வரியில் ரெஃபரர் (கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு) இருக்கும் இடத்தில் கழகத்தின் முகவரி இல்லை, முன்பின் தெரியாத ஏதோ ஒரு தளம். அன்று காலை அண்ணிக்கு வாட்சாப் வெப்பில் வந்த "திருவிழாப் படங்கள்" இணைப்பு அதே தளம். கணக்கு எண் மாற்றுவதை வெறும் கெட் கோரிக்கையில் (முகவரியைத் திறந்தாலே போய்விடும் கோரிக்கை) வைத்திருந்தார்கள், டோக்கனும் கிடையாது. இணைப்பைத் தொட்டால் அது அப்படியே கழகத்தின் முகவரிக்குத் திருப்பிவிடும், வேலை முடிந்தது.

"குரோம் 80 வந்த 2020-லிருந்து சேம்சைட் லாக்ஸ் இருக்கே" என்று யாராவது வருவார்கள். இருக்கிறது, வேறு தளத்திலிருந்து கிளம்பும் கோரிக்கைகளோடு குக்கி போகாமல் தடுக்கும் பிரவுசர் விதி அது. ஆனால் இணைப்பைத் தொட்டுப் போகும் கெட் கோரிக்கைக்கு லாக்ஸ் குக்கியைப் போகவிட்டுவிடும். 2017-இல் ஓவாஸ்ப் என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பின் முதல் பத்து ஆபத்துகள் பட்டியலிலிருந்து சிஎஸ்ஆர்எஃபை எடுத்துவிட்டார்களே என்பீர்கள். பல ஃபிரேம்வொர்க்குகளில் தடுப்பு கூடவே வருவதால் எடுத்தார்கள், நீங்கள் அதை அணைத்து வைத்தால் என்ன பயன்? எதையும் மாற்றும் வேலை போஸ்ட் கோரிக்கையில் (படிவம் அனுப்பும்போது போவது) இருக்கட்டும், டோக்கன் இருக்கட்டும், பணம் சம்பந்தப்பட்டதற்கு மறுபடி கடவுச்சொல் கேளுங்கள்.

அண்ணி திரும்பக் கவுண்டருக்கு வந்துவிட்டார், மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை. இதே ஊரில் கணினி படித்த பிள்ளைகள் வேலைக்காக ஈப்போவுக்கு பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் ஒருவரை ஒரு நாள் உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம் இல்லையா? வெளியூர்க்காரர் சொன்னால்தான் இங்கே எடுபடுகிறது.