ரெட் ஹவுஸ்: கட்டடத்தில் என்ன சிறப்பு, யார் யார் கையில் இருந்தது?

ரெட் ஹவுஸ் என்ற இந்த வீடு தென்கிழக்கு லண்டனில், பெக்ஸ்லிஹீத்தில் இருக்கிறது. ஆங்கில வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸுக்காக 1859-60இல் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் பிலிப் வெப். அவர் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை.

செங்கல்லைச் சாந்து பூசி மறைப்பதுதான் அன்றைய பாணி. வெப் செங்கல்லை அப்படியே வெளியே தெரிய விட்டார். வீடு 'ட' வடிவம். அந்த மூலையில் கூம்புக் கூரை போட்ட கிணறு. ஜன்னல்களில் ஒழுங்கு வரிசை தேடாதீர்கள். உள்ளே அறைக்கு எங்கே தேவையோ அங்கே வைத்தார். சரி, முக்கிய அறைகளை வெயில் அதிகம் வராத வடக்குப் பார்க்க வைத்தது, குளிர்நாட்டில் எனக்குப் புரியாத முடிவு.

மோரிஸ் குடும்பம் 1865 வரைதான் இருந்தது. அப்புறம் பல கை மாறியது. 1952இல் கட்டடக் கலைஞர் டெட் ஹோலம்பியின் குடும்பம் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து வாங்கியது. வீடு தப்பிப் பிழைத்ததில் பெரும்பங்கு அவருக்குத்தான். 2003 முதல், பழைய கட்டடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் வசம்.