முதலாளி குருவி வலை கட்டச் சொல்கிறார்: சைப்ரஸில் வேலை செய்யும் ஒருவரின் கேள்வி

கேள்வி: வேலை அனுமதியில் சைப்ரஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது. லார்னகா நகரத்துக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். செப்டம்பர் பிறந்ததும் முதலாளி ஆலிவ் மரங்களுக்கு நடுவே கம்பம் நட்டு மெல்லிய கறுப்பு வலை கட்டச் சொன்னார். இரவு முழுக்க ஒரு ஸ்பீக்கரில் குருவிச் சத்தம் ஓடுகிறது. விடியும்போது வலையில் சிக்கியதை எடுத்துக் கூடையில் போட வேண்டும். "தாத்தா காலத்துப் பழக்கம், ஒன்றும் ஆகாது" என்கிறார். போன வாரம் ஒரு தட்டு சமைத்து எங்களுக்கும் கொடுத்தார். நான் சாப்பிடவில்லை, அறையில் இருப்பவர்கள் சாப்பிட்டார்கள். இது குற்றமா? மறுத்தால் வேலை போய்விடுமா? வெளியே சொன்னால் நான்தான் சொன்னேன் என்று தெரிந்துவிடுமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: குற்றம்தான். வலை கட்டுவது, சிக்கிய பறவையை எடுப்பது, வைத்திருப்பது, விற்பது, ஓட்டலில் பரிமாறுவது எல்லாமே குற்றம். முதலாளி சொன்னார் என்பதற்காக அது உங்களுக்கு வேலை ஆகிவிடாது. இன்னொன்றையும் யோசியுங்கள். அதிகாரிகள் வந்தால், விடியற்காலையில் வலையருகே கூடையோடு நிற்பவரைத்தான் முதலில் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் முதலாளி வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் நாளைக் காலை முதல் அந்த வலைப் பக்கம் போகாதீர்கள். மறுப்பது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கையில் எதைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்தக் குருவியின் பெயர் பிளாக்கேப். நம் ஊரில் கதிர்க்குருவி என்கிறோமே, அந்தச் சாதி. ஆணுக்கு உச்சந்தலை கறுப்பு, பெண்ணுக்குச் செம்பழுப்பு. சிட்டுக்குருவியைவிடச் சிறியது. ஐரோப்பாவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் சைப்ரஸில் இறங்குகிறது. அத்திப்பழமும் திராட்சையும் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும். தெற்கே எகிப்துக் கரை வரை கடல், அதற்கப்புறம் சஹாரா. அதைக் கடக்க அந்தக் கொழுப்புதான் எரிபொருள். மனிதர்களுக்கு ருசிப்பதும் அதே கொழுப்புதான். கிரேக்க மொழியில் இந்தப் பண்டத்துக்கு அம்பெலோபூலியா என்று பெயர், திராட்சைத் தோட்டத்துக் குருவிகள் என்று பொருள். வேக வைத்தோ, சுட்டோ, வினிகரில் ஊற வைத்தோ எலும்போடு அப்படியே சாப்பிடுகிறார்கள்.

நீங்கள் சொன்ன ஸ்பீக்கர் சத்தத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இந்தத் தொழிலையே மாற்றியது அதுதான். இந்தக் குருவிகள் வலசை போவது இரவில். இருட்டில் பறந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்குக் கீழிருந்து தன் இனத்தின் குரல் கேட்டால், இரையும் மறைவும் இருக்கிற இடம் என்று நம்பி இறங்கிவிடும். விடிந்து பார்த்தால் அது உங்கள் முதலாளியின் தோட்டம். அங்கே மரங்களுக்கு இடையே பாதை போல வெட்டிச் சுத்தம் செய்து, கண்ணுக்கே தெரியாத வலையை இழுத்துக் கட்டியிருப்பார்கள். தோட்டத்தில் தேவையில்லாமல் சரளைக்கல் குவியல் கிடந்தால் அதுவும் இதற்குத்தான். மரத்தில் ஒடுங்கியிருக்கும் குருவிகள்மேல் கைநிறைய கல்லை வீசினால் அவை மிரண்டு வலைக்குள் பாயும்.

தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் கேப் பிலா பகுதியில் இதற்கென்றே ஆஸ்திரேலிய அகேசியா மரங்களை வளர்த்து, குழாய் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினார்கள். சீமைக் கருவேலம் நம் ஊருக்கு வந்தது மாதிரி, அகேசியாவும் அந்தத் தீவுக்கு வெளியிலிருந்து வந்த மரம். கோடை முடிந்து காய்ந்து கிடக்கும் மண்ணில் இந்தப் பச்சைத் திட்டுகள் மட்டும் குருவிகளை வா வா என்று கூப்பிடும்.

வலை வருவதற்கு முன் இருந்தது பிசின் குச்சி. இன்றும் சிலர் வைக்கிறார்கள். பிசினுக்கு அவர்கள் எடுக்கும் பழத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊரில் சிறுவயதில் மூக்குச்சளிப் பழத்தை நசுக்கிக் காகிதம் ஒட்டியிருக்கிறீர்களா? நறுவிலி மரத்தின் பழம். அதன் நெருங்கிய சொந்தத்தின் பழத்தைத் தேனோடு காய்ச்சிக் குச்சியில் பூசி மரக்கிளைகளுக்கு நடுவே செருகி வைப்பார்கள். நம் பக்கம் ஆலம்பாலைக் காய்ச்சிக் குருவி பிடித்தவர்கள் உண்டு, அதே உத்திதான். கால் ஒட்டும். உதறும்போது சிறகு ஒட்டும். அப்புறம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கிடக்கும்.

பிளாக்கேப் அழிந்துகொண்டிருக்கும் பறவை இல்லை. ஐரோப்பாவில் அது நிறையவே இருக்கிறது. முதலாளி அதைச் சொல்லி வாதாடினால் அந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் வலைக்கு ஆள் தெரியாது. சைப்ரஸில் வலையிலும் பிசினிலும் சிக்கியதாகப் பதிவானவை 150-க்கும் மேற்பட்ட இனங்கள். மாங்குயில், கொண்டலாத்தி, பஞ்சுருட்டான், கீச்சான், சின்ன ஆந்தை என நமக்குப் பெயர் தெரிந்த பறவைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஐரோப்பாவில் எண்ணிக்கை வேகமாகச் சரிந்துகொண்டிருக்கும் காட்டுப்புறாவும் இருக்கிறது. விலை போகாத பறவையை யாரும் பொறுமையாகப் பிரித்து விடுவதில்லை. வலையை அறுக்க மனம் வராது, பறவையின் இறக்கைதான் முறியும். கூடையில் போட்டபோது நீங்களே இதைப் பார்த்திருப்பீர்கள். உங்களைத் தொந்தரவு செய்து இந்தக் கடிதத்தை எழுத வைத்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இதே மாதிரி வலையைப் பறவை ஆராய்ச்சியிலும் கட்டுவார்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாகப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போட்டு விடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் உரிமம் இருக்கும், குறித்த இடைவெளியில் வலையைச் சுற்றி வந்து பார்ப்பார்கள், எடை பார்த்துக் குறித்துக்கொண்டு அங்கேயே பறக்க விடுவார்கள். யாராவது "இது ஆராய்ச்சிக்கு" என்று சொன்னால், வளையமும் குறிப்பேடும் எங்கே என்று பாருங்கள். கூடையும் ஃப்ரீசரும் மட்டும் இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

தாத்தா காலத்துப் பழக்கம் என்பது பொய் இல்லை. 1553-இல் சைப்ரஸ் வந்த ஜான் லோக் என்ற ஆங்கிலப் பயணி, கொழுத்த சிறு குருவிகளை வினிகரிலும் உப்பிலும் ஊற வைத்து வெனிஸுக்கு அனுப்புகிறார்கள், ஏறக்குறைய 1,200 ஜாடி போவதாகச் சொல்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். கறி கிடைக்காத காலத்தில் ஏழைக் குடும்பங்கள் நாலு குச்சி வைத்து நாலு குருவி பிடித்ததும் உண்மை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாத்தாவிடம் நைலான் வலை இருந்ததா, ஸ்பீக்கர் இருந்ததா, ஃப்ரீசர் இருந்ததா? இன்று ஓட்டலில் ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு குருவி, விலை 40 முதல் 80 யூரோ வரை. இது ஏழை வீட்டுச் சாப்பாடு இல்லை, வியாபாரம். பறவைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான பேர்ட்லைஃப் 2015-இல் வெளியிட்ட கணக்குப்படி, மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடிப் பறவைகள் சட்டத்தை மீறிக் கொல்லப்பட்டன. அதில் சின்னஞ்சிறு சைப்ரஸின் பங்கு மட்டும் சுமார் 23 லட்சம். தெகெலியா பிரிட்டிஷ் படைத்தளப் பகுதியில் (கேப் பிலா இதற்குள்தான் வருகிறது) மட்டும் 2016 இலையுதிர் காலத்தில் 8 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே அகேசியாவை வெட்டினார்கள், ட்ரோனும் மறைவுக் கேமராவும் வைத்தார்கள், எண்ணிக்கை பெருமளவு இறங்கியது. பிடிக்க ஆள் இருந்தால் இது குறையும் என்பதற்கு அதுவே சாட்சி.

சட்டத்துக்கு வருவோம். வலையும் பிசின் குச்சியும் சைப்ரஸில் 1974-லிருந்தே தடை. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு ஒன்றியத்தின் பறவைகள் சட்டமும் கட்டுப்படுத்துகிறது. வலை, பிசின், ஒலிப்பதிவு போட்டு இழுப்பது மூன்றையும் அது பெயர் சொல்லியே தடுக்கிறது. வழக்கு நீதிமன்றம் போனால் 3 ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு. பிறகு ஏன் முதலாளி அவ்வளவு தைரியமாக இருக்கிறார்? 2020 டிசம்பரில் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு திருத்தம் செய்தது. பிளாக்கேப் உட்பட 14 இனங்களில் 50 பறவை வரை வைத்திருந்தால், அதுவரை 2,000 யூரோவாக இருந்த அபராதம் 200 யூரோ ஆனது. பறவை அமைப்புகள் கடுமையாக எதிர்த்தும் நிறைவேறிவிட்டது. மோசமான திருத்தம். நாலைந்து தட்டு விற்றால் அபராதம் கைக்கு வந்துவிடும். ஆனால் அதை நம்பி நீங்கள் இறங்க முடியாது. அது பறவை வைத்திருந்ததற்கான தொகை. வலையும் ஸ்பீக்கரும் தனித்தனிக் குற்றங்கள். அதோடு, முதலாளிக்கு 200 யூரோ வெறும் பணம், உங்களுக்கோ வெளிநாட்டில் ஒரு போலீஸ் பதிவு. அனுமதி புதுப்பிக்கும்போது அது குறுக்கே வரலாம்.

சரி, எப்படி மறுப்பது? அவர் செய்வது தப்பு என்று அவரிடம் வாதாடாதீர்கள். உங்கள் பெர்மிட்டை முன்னே வையுங்கள். "போலீஸ் வந்தால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், வீட்டில் என் சம்பளத்தை நம்பி இருக்கிறார்கள், இதை மட்டும் என்னால் செய்ய முடியாது, மற்ற எந்த வேலையும் செய்கிறேன்" என்று சொல்லுங்கள். அவரைக் குற்றவாளி என்று சொல்லாமல் உங்கள் பயத்தைச் சொன்னால் பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். காட்டிக்கொடுக்காத ஆள்தான் அவர்களுக்கும் வேண்டும். அதற்குமேல் மிரட்டினால் தேதி போட்டு எழுதி வையுங்கள். வேலை ஒப்பந்தத்தின் நகல், சம்பள ரசீது, பாஸ்போர்ட் மூன்றும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அங்குள்ள தொழிலாளர் துறையில் புகார் கொடுக்க வழி இருக்கிறது.

வலையை அறுப்பது, ஸ்பீக்கரை உடைப்பது எதுவும் வேண்டாம். கோபம் வருவது நியாயம்தான், ஆனால் இந்தத் தீவில் வலை பிடுங்கப் போன பறவை ஆர்வலர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் தனி ஆள், அவர் கொடுத்த அறையில் தங்கியிருக்கிறீர்கள்.

வெளியே சொல்வது உங்கள் விருப்பம். சொல்லாவிட்டாலும் உங்களைத் தவறாக நினைக்க மாட்டேன். சொல்வதென்றால் எங்கே சொல்வது என்பது இடத்தைப் பொறுத்தது. தீவில் அக்ரோதிரி, தெகெலியா இரண்டும் பிரிட்டிஷ் படைத்தளப் பகுதிகள். அங்கே போலீஸே தனி. மற்ற இடங்களில் சைப்ரஸ் அரசின் வேட்டை விலங்குத் துறையும் போலீஸும் பார்க்கின்றன. லார்னகாவுக்குக் கிழக்கே என்றால் எல்லை குழப்பமாக இருக்கும். அந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் பேர்ட்லைஃப் சைப்ரஸ் அமைப்புக்கு எழுதுங்கள். 2002 முதல் வலை பிடிப்பைக் கணக்கெடுத்து வருபவர்கள் அவர்கள். தகவலை உரிய இடத்துக்குக் கொண்டுபோவார்கள். ஆங்கிலம் போதும்.

அடையாளம் தெரியாமல் இருக்க, உங்கள் அறையிலிருந்தோ வலைக்கு உள்ளே நின்றோ எடுத்த படத்தை அனுப்பாதீர்கள். அந்த இடத்தில் நிற்கக்கூடியவர் யார் என்று படமே சொல்லிவிடும். கூகுள் மேப்பில் இடத்தைக் குறித்து, இரவு எத்தனை மணிக்குச் சத்தம் கேட்கிறது, எந்த நாட்களில் என்று மட்டும் எழுதினால் போதும். ஸ்பீக்கர் சத்தம் சாலை வரைக்கும் கேட்கும். போகிற வருகிற யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. அறையில் இருப்பவர்களிடம், எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும், சொன்னேன் என்று சொல்லாதீர்கள். போன் நம்பர் தராமல் புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்கி அதிலிருந்து அனுப்புங்கள்.

பிசின் குச்சியில் உயிரோடு ஒரு குருவி துடிப்பதைப் பார்க்க நேர்ந்தால், பிடித்து இழுக்காதீர்கள். இறகு கொத்தாக வந்துவிடும், பிழைக்காது. பழகியவர்கள் எச்சிலால் பிசினை இளக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள். அதற்குப் பொறுமையும் நேரமும் வேண்டும், உங்களை யாரும் பார்க்காத இடமும் வேண்டும். அது இல்லையென்றால் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

கூட இருப்பவர்கள் சாப்பிட்டதைப் பற்றி மனதை அரிக்க விட வேண்டாம். முதலாளி கொடுத்த சாப்பாடு, என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அடுத்த தடவை வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். பொட்டலம் கட்டி உங்கள் அறை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னால் மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். உங்கள் அறையில் கிடைத்தால் அது உங்கள் கையில் கிடைத்த மாதிரிதான்.

வலைக் காலம் செப்டம்பர், அக்டோபரில் உச்சம், நவம்பரில் தணியும். குளிர்காலத்தில் பாடும் பூங்குருவிகளுக்காகச் சிலர் மறுபடி கட்டுவார்கள், வசந்தத்தில் வடக்கே திரும்பும் கூட்டத்துக்காகவும் கட்டுவார்கள். எனவே இந்த மாதம் தப்பித்தோம் என்று இருந்துவிடாமல், மறுப்பை இப்போதே சொல்லி முடித்துவிடுங்கள்.