எலியைக் காப்பாற்றிய மருந்துகள் மனிதரிடம் ஏன் தோற்கின்றன?

பார்க்கின்சன் நோய்க்கும், மூளைக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு வரும் பக்கவாதத்திற்கும் புதிய மருந்து கண்டுபிடிக்கப்பட்டதாக அடிக்கடி செய்தி வந்தும், அவை ஏன் மருந்துக்கடை வரை வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தியல் முதுகலை படித்தபோது எலிகளிடம் இத்தகைய சோதனைகளைச் செய்தவள் நான். என் அப்பாவும் பத்து ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோயாளி.

ஆய்வகத்தில் பக்கவாதத்தை உண்டாக்க, எலியின் கழுத்துத் தமனி வழியே மெல்லிய நைலான் இழையைச் செலுத்தி மூளைக்குச் செல்லும் ரத்தத்தை அடைப்போம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இழையை உருவியதும் ரத்தம் மீண்டும் பாயும். அந்த எலி இளமையானது, நீரிழிவோ ரத்தக்கொதிப்போ அறியாதது. அதற்கு மருந்தை அடைப்புக்கு முன்போ, அடைத்த சிறிது நேரத்திலோ கொடுத்துவிடுவோம். மனிதரோ மருத்துவமனைக்கு வந்து சேரவே மணிக்கணக்காகிறது. பெரிய தமனி அடைபட்டிருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாக 2006இல் கணக்கிட்டார்கள். அதே ஆண்டு வெளியான இன்னொரு தொகுப்பாய்வு, அதுவரை முயலப்பட்ட 1,026 சிகிச்சைகளில் 114 மட்டுமே மனிதரிடம் சோதிக்கப்பட்டதைக் காட்டியது. அப்போது பெரிதும் நம்பப்பட்ட என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து, முதல் பெரிய ஆய்வில் ஓரளவு பயன் தந்தது போலத் தெரிந்து, 2007இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் எந்தப் பயனும் தராமல் போனது. இன்று உயிரையும் கைகால்களையும் காப்பது அடைப்பை நீக்கும் சிகிச்சைதான்: 1995இல் நிறுவப்பட்ட, ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியும், 2015க்குப் பின் பரவிய, குழாய் செலுத்தி அந்த ரத்தக்கட்டை வெளியே எடுக்கும் முறையும்.

பார்க்கின்சன் நோயில் சிக்கல் இதற்கு நேர்மாறானது. உடலசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் எலியின் மூளை அணுக்களை நச்சுப்பொருளால் சில நாட்களில் அழித்துவிடுகிறோம். மனிதரிடம் அதே அழிவு ஆண்டுக்கணக்காக ஓசையின்றி நடந்து, கை நடுங்கத் தொடங்கும்போது அவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். அதனால்தான் 1961இல் வியன்னாவில் முதன்முதலாக நோயாளிகளுக்கு ஊசியாகப் பயன் தந்த லெவோடோபா இன்றும் முதன்மையான மருந்து. அது குறைந்த டோபமைனை ஈடுசெய்யும், நோயை நிறுத்தாது. (நம் பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதை 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகமே பிரித்தெடுத்துக் காட்டியது. ஆயினும் விதைக்கு விதை அளவு மாறுவதால், மாத்திரையோடு அந்தப் பொடியையும் நீங்களாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.)

எனக்கு உண்மையான நம்பிக்கை தந்தது ஒரு பரிசோதனைதான். பார்க்கின்சன் நோயில் மூளை அணுக்களில் தவறாக மடிந்து திரளும் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதத்தை முதுகுத்தண்டு நீரில் கண்டறியும் முறை, 2023இல் வெளியான ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகளில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினரை இனங்கண்டது. மோப்பத்திறன் குறைந்த, ஆனால் நடுக்கம் தொடங்காத சிலரிடமும் அது தெரிந்தது. அத்தகையோரிடம் இப்போதே சோதிக்கத் தொடங்கினால், அணுக்கள் இன்னும் மிஞ்சியிருக்கும்போதே ஒரு காப்பு மருந்தின் பலனை அளக்க முடியும்.